படம் திக்கிய வீடு

ஆவுடையப்பன் வீட்டு டிவியில் கதாநாயகி கிணற்றில் குதித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. விளிம்பில் ஏறினாள், நின்றாள். ஒரு கால் காற்றில் வந்தது, நின்றது. அவள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கீழே போய்ப் பால் வாங்கி, காப்பி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். இன்னும் தண்ணீருக்கு இரண்டு முழம் இருந்தது. அவ்வளவு நேரம் கிடைத்தால் யாருக்கும் மனம் மாறிவிடும்.

"பாத்தேரா வே," என்றார் ஆவுடையப்பன். "இதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டேன்."

நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம். அவர் நாலாவது மாடி, நான் மூன்றாவது. அவர் ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பையன்களுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, அவர்கள் உடைத்த பிறகு வாங்கி வைத்தவன். அதனால் இந்தக் கட்டிடத்தில் எந்த வீட்டில் எது ஓடாவிட்டாலும் தளவாய் எங்கே என்று என்னைத்தான் தேடுவார்கள். இரண்டாம் மாடி டாக்டர் வீட்டு டிவியில் ஒரு சமயம் நாளைய செய்தி இன்றே வந்துகொண்டிருந்தது. ஒரு வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகி நான்தான் நிறுத்தினேன். டாக்டருக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அதிலும் வானிலை அறிக்கை தப்பாகத்தான் இருந்தது.

ஆவுடையப்பன் வீட்டில் டிவிக்கு அடியில், மர அலமாரிக்குள், ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சினிமா பார்க்க மட்டுமே அது. அவர் மகள் வடிவு, கல்யாணமாகி ஃபின்லாந்துக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு பாகமாக வாங்கித் தன் கையால் பூட்டிக் கொடுத்தது. வடிவின் அம்மா, பெண் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்து ஒரு படம் பார்ப்பார்கள். பேச மாட்டார்கள். பார்ப்பார்கள், படம் முடிந்ததும் எழுந்து தோசை வார்ப்பார்கள். அவள் டாம்பரே என்ற ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. இங்கே ஓடும் படமே அங்கேயும் ஓடும். திரையின் வலது பக்கத்தில் அவள் முகம் தெரியும். அங்கே இவர் முகம் தெரியும். கடல் கடந்து பேசாமல் இருந்தார்கள்.

அந்தப் படம்தான் இப்போது திக்கியது.

அலமாரியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன மலைக்கோயில் கட்டும் அளவுக்கு வெள்ளையாக என்னமோ படிந்து கிடந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன்.

"என்ன வே இது?"

"துன்னூறு."

"தெரியுது. கம்ப்யூட்டருக்குள்ள எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மேல மூணு பட்டை போடுவேன். அந்த ஓட்டை வழியா உள்ள போயிருக்கும்."

"டிவிக்கு இல்ல, ஃபிரிஜ்ஜுக்கு இல்ல. இதுக்கு மட்டும் என்ன அப்படி?"

"எம்புள்ள அதுலதான வாரா," என்றார்.

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் விசிறி திருநீறு பூசிக்கொண்டு முக்தி அடைந்திருந்தது. விசிறி சுற்றாவிட்டால் பெட்டி சூடாகும், சூடானால் அது தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் குறைக்கும், வேலையைக் குறைத்தால் படம் திக்கும் என்று அவருக்குச் சொன்னேன். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, முடி உலர்த்தும் மிஷினால் ஊதித் துடைத்தேன். அள்ளிய திருநீற்றை அவர் வீணாக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பூசிவிட்டு மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டார். திருப்பிப் பூட்டி ஓடவிட்டதும் கதாநாயகி யோசிக்காமல் குதித்துவிட்டாள்.

ஆனால் வடிவின் முகம் மட்டும் திக்கிக்கொண்டே இருந்தது. வாய் திறந்தபடி நிற்கும். "அப்" என்று வரும். "பா" வர நேரமாகும்.

"அது பெட்டியோட குத்தம் இல்ல," என்றேன். "சினிமா உம்ம வீட்டுக்குள்ள இருக்கு. இவ கண்டம் தாண்டி வாரா. வழியில பாதி சிந்திப்போகும்."

"அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?"

முடியும். அங்கேதான் வந்தது வினை. பெட்டிக்குள் அமைப்புகளைத் துழாவியபோது ஒன்று கண்ணில் பட்டது. அதற்கு நான் வைத்த பெயர் இடைநிரப்பி.

"இது என்ன செய்யும்னா," என்று அவருக்குச் சொன்னேன், "வடிவு பேசுததை இந்தப் பெட்டி நாலு வருஷமாப் பாத்துக்கிட்டே இருக்கு. அவ எப்படிச் சிரிப்பா, எப்பத் தலையைச் சாய்ப்பா, எந்த வார்த்தைக்குப் பெறகு எந்த வார்த்தை வரும், எல்லாம் அதுக்குப் பாடம். லைன் அறுந்து நடுவுல காணாமப் போனா, அந்த இடத்துல அவ என்ன சொல்லியிருப்பாளோ அதை அதுவே வரைஞ்சு, அதுவே பேசி, இட்டு நிரப்பிரும்."

"அப்பம் அது பொய்யில்லா?"

"கொஞ்சமா வச்சாப் பொய்யின்னு சொல்ல முடியாது. நீரு கண்ணச் சிமிட்டும்போது உலகம் இருட்டாத் தெரியுதா? உம்ம மூளை இட்டு நிரப்பிக்கிடுது. அதைப் பொய்யின்னா சொல்லுதீரு?"

"கூட வச்சா?"

"முழுசா வச்சா எந்த இடைவெளியும் இருக்காதுன்னு போட்டிருக்கான்."

"பெறகென்ன, முழுசா வையும்," என்றார். "ஃபேனை ரெண்டுல வச்சுட்டு வேர்த்துக்கிட்டுக் கிடப்பானா எவனாவது."

எனக்கும் நியாயமாகப் பட்டது. கடைசிவரை தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பனைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்டில் பார்த்தால் வடிவு. மாடியில் துணி எடுக்கப் போனால் வடிவு. ஓட்டுநர் இல்லாத ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போகும்போதுகூட, திருப்பிப் பேச ஆளில்லாத அந்த ஆட்டோவிடம் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அது மூன்று தெரு சுற்றிப் போனது. கேட்க ஆசைப்பட்டுத்தான் சுற்றியது என்று நான் நினைக்கிறேன்.

"வாயாடி ஆயிட்டா வே. ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கா. சாப்பிட்டாச்சாங்கா, மாத்திரை போட்டாச்சாங்கா. போன சனிக்கிழமை பூரா வெண்டைக்காய்க் கதை. அந்த ஊர்ல வெண்டைக்காய் கெடைக்காம். பனிக்குள்ள நின்னு வாங்கிட்டு வந்தாளாம். நான் முறுக்கைக் கடிச்சிக்கிட்டுத் தலையாட்டிக்கிட்டே இருந்தேன்."

"மாப்பிள்ளை எப்படி இருக்காராம்?"

"அவருக்கென்ன. நான் பாத்த இடம்லா," என்றார். ஜாதகம் பார்த்து, ஊர் விசாரித்து, பெண் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியும் கேட்காமல் அவர் முடித்த கல்யாணம் அது. அந்த இடம் பார்த்ததை அவர் வங்கியில் வாங்கிய பதவி உயர்வைவிடப் பெரிதாகச் சொல்லுவார்.

அதே வாரம்தான் முதல் மாடி சொர்ணத்தின் மகள் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்து இறங்கினாள். புருஷன் வரவில்லை. லிஃப்டில் அவள் எங்களோடு ஏறி, இறங்கிப் போனதும் ஆவுடையப்பன் சொன்னார்:

"வளக்கத் தெரியல வே. அனுப்பிவச்சா இருக்கத் தெரியணும்."

நான் லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலு மாடிக் கட்டிடத்தில் பார்ப்பதற்கு அதிகமாக எண்கள் இல்லை.

மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"புதுசா ஒரு கோளாறு. வடிவு கழுத்துல ஒரு மினுக்கம்."

"கழுத்துலயா?"

"தாலிச் சங்கிலி வே. இருக்கு, இல்ல. இருக்கு, இல்ல. டியூப்லைட்டு மாதிரி."

மஞ்சள் நிறம் சில திரைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் நிறங்களைத் திருகினேன். வடிவின் பழைய பதிவு ஒன்றில் அவள் சற்று நேரம் பச்சையாக இருந்தாள், பிறகு ஊதா ஆனாள். திரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த வயரை மாற்றினேன். அலமாரியைத் தட்டினேன். ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் தட்டினால்தான் ஓடும். ஒன்றும் பிடிபடவில்லை.

"அவ வரும்போது நேர்ல பாத்தாத்தான் தெரியும்," என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பழைய குடும்பப் படம் ஒன்று ஓடியது. மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு வீடு, நடுவில் சுவர் எழுப்பலாமா வேண்டாமா என்று பேச்சு. திரையின் வலது பக்கத்தில் வடிவு. அவளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அங்கே அப்போது மத்தியானம். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"தளவாய் மாமாவா? நல்லா இருக்கீங்களா மாமா?" என்றாள். கழுத்தில் சங்கிலி இருந்தது.

"இருக்கேம்மா."

"அப்பா," என்றாள். சங்கிலி இல்லை. "அப்பா, நான்..."

உடனே சங்கிலி வந்தது. "சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டீங்களா? இங்க ஒரே பனி. கதவையே தொறக்க முடியல," என்று கலகலவென்று சிரித்தாள்.

"பாரும், பாரும்," என்று ஆவுடையப்பன் என் தொடையில் தட்டினார். "இப்ப இல்ல. இப்ப இருக்கு."

"ஒண்ணொண்ணா அணைச்சுப் பாப்போம். எதை அணைச்சா மினுக்கம் போகுதோ அதுதான் குத்தவாளி," என்றேன். நாங்கள் பேசுவது அவளுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று எங்கள் பக்கத்து மைக்கை முதலில் அணைத்தேன். பிறகு கூர்மையை அணைத்தேன். போகவில்லை. நிறம் கூட்டுவதை அணைத்தேன். போகவில்லை. அடுத்து வரிசையில் இருந்தது இடைநிரப்பி. அதையும் அணைத்தேன்.

சிரிப்பு நின்றது.

திரையில் வடிவு சோபாவில் காலை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. படத்தைப் பார்க்கவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. அசைவில்லை.

"தொங்கிட்டு வே," என்றார் ஆவுடையப்பன். "படம் நின்னுபோச்சு. மறுபடியும் போடும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். மவுஸைத் தேடி எடுத்தேன். அழுத்தப் போன விரலை நிறுத்திக்கொண்டேன்.

"நிக்கல."

"நிக்காமயா இப்படி இருக்கா?"

"பின்னால ஜன்னலப் பாரும்."

அவர் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் விட்டு விட்டுத்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது. வடிவு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பத்தான மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா?"

"அவ கேக்கல," என்றேன்.

"பெறகு யாரு கேட்டா?"

"முழுசா வச்சோம்லா. எந்த இடைவெளியும் இருக்கக் கூடாதுன்னு. மிஷினுக்கு லைன் அறுந்தது எது, ஆளு பேசாம இருக்குதது எதுன்னு வித்தியாசம் தெரியாது. அதுக்கு ரெண்டும் ஒரே ஓட்டைதான். அவ பேசாம இருந்தப்பல்லாம் அது பேசியிருக்கு. சொல்ல வந்து தயங்கினப்பல்லாம் முந்திக்கிட்டிருக்கு."

"அப்பம் இத்தனை நாளா எங்கிட்டப் பேசினது?"

நான் மவுஸைக் கீழே வைத்தேன்.

அவர் திரையை விட்டு நகராமல் நின்றார். "சங்கிலி?"

"அதுக்குப் பழைய வடிவைத்தான் தெரியும். அது பாடம் படிச்ச காலத்துல கழுத்துல சங்கிலி இருந்துது. அதனால அது வரையுற இடத்துல எல்லாம் போட்டுவிடுது. நெசமா வாரவ கழுத்துல..."

அவர் பின்னால் நகர்ந்து வந்து நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். படத்தில் அண்ணன் தம்பிகள் சுவருக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை நான் குறைத்தேன்.

அப்போது வடிவு தலையை ஆட்டினாள். "ம்," என்றாள், யாரோ அவளிடம் எதையோ கேட்டதுபோல. எங்கள் மைக் அணைந்திருந்தது. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ம்" என்றாள். அந்தச் சமயம் முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட இருந்தது.

ஆவுடையப்பன் கையை நீட்டி மைக்கைப் போட்டார்.

"ஏட்டி."

"என்னப்பா?"

"கழுத்துல ஒண்ணையும் காணோமே."

அவள் கை கழுத்துக்குப் போயிற்று. படம் திக்கியது. கை போவது மூன்று துண்டாக வந்தது.

"அதான் போன மாசமே சொன்னேனேப்பா," என்றாள். "சேர்ந்து இருக்க முடியலன்னு. தனியா வீடு எடுத்து வந்துட்டேன்னு. ஒரு மணி நேரம் சொன்னேன். அன்னைக்கு லைன்கூட ரொம்ப மோசமா இருந்துச்சு. ஆனா நீங்க முறுக்குத் தின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

வெண்டைக்காய் வாங்கிய சனிக்கிழமை அது. ஆவுடையப்பன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

"நான் என்ன சொன்னேன் அதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னப்பா, மறந்துட்டீங்களா? எதுவா இருந்தாலும் கெளம்பி வந்துருன்னு சொன்னீங்க. வீடு இருக்கு, நான் இருக்கேன், எவன் என்ன பேசினா நமக்கென்னன்னு சொன்னீங்க. நான் பாத்துச் செஞ்சது தப்பாப் போச்சுட்டீன்னுகூடச் சொன்னீங்க."

ஆவுடையப்பனை எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் தாமிரபரணி மேற்கே பாய வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எம்மா வடிவு," என்றேன். "உன் பக்கத்துலயும் இந்த இடைவெளியை நிரப்புற சமாச்சாரம் ஓடுதா?"

"ஓடுது மாமா. அப்பாவும் திக்கித் திக்கித்தான வருவாங்க. நான் முழுசா வச்சிருக்கேன்."

அப்பனுக்குப் பிள்ளை. அவர் பேசாமல் முறுக்கைக் கடித்துத் தலையாட்டிய நேரத்தை எல்லாம் அந்த ஊர்ப் பெட்டி விட்டுவைக்கவில்லை. இந்தப் பெட்டி மகளின் அழுகையை எடுத்துவிட்டு வெண்டைக்காயை வைத்தது. அந்தப் பெட்டி அப்பாவின் தலையாட்டலை எடுத்துவிட்டு அந்த வார்த்தைகளை வைத்தது.

ஆவுடையப்பனும் அதைப் புரிந்துகொண்டார் என்பது அவர் காது சிவந்ததில் தெரிந்தது. இனி அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நான் எப்ப அப்படிச் சொன்னேன் என்று கேட்க வேண்டும். லிஃப்டில் சொர்ணத்தின் மகளைப் பார்த்துப் பேசிய மனிதர் அதைத்தான் கேட்பார். அனுப்பிவைத்தால் இருக்கத் தெரியணும் என்பார். நான் பெட்டியின் வயர்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆமா," என்றார். "சொன்னேன்."

நான் நிமிர்ந்தேன்.

"சொன்னதை எதுக்கு மறுபடியும் கேட்டேன்னா," என்றார், "வயசாயிட்டுல்லா. சொன்னதெல்லாம் நெனவுல நிக்க மாட்டேங்கு. நான்தான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான்."

வடிவு அவரையே பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் நின்றுவிட்டதோ என்று நான் ஜன்னலைப் பார்த்தேன். பனி விழுந்தது.

"இல்லப்பா," என்றாள். "நீங்க சொல்லல."

"ஏட்டி, நாந்தான்..."

"அதைச் சொன்னப்போ கண்ணாடி போட்டிருந்தீங்க. கண் ஆபரேஷன் ஆனதுக்குப் பெறகு நீங்க கண்ணாடியே போடுதது இல்ல. ஊசியில நூல் கோத்துக் காமிச்சீங்களே, தீபாவளிக்கு. இந்தப் பெட்டிக்குத்தான் அது தெரியல. வந்துரு வந்துருன்னு சொல்ல ஆரம்பிச்சா மூக்கு மேல கண்ணாடி வந்துரும். பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு."

ஆவுடையப்பனின் கை தானாக மூக்குக்குப் போனது. முப்பது வருடம் கண்ணாடி உட்கார்ந்த இரண்டு குழிகள் மட்டும் இன்னும் அங்கே இருந்தன.

"தெரிஞ்சும் ஏம்மா அணைக்காம வச்சிருந்தே?" என்று நான் கேட்டேன்.

"கேக்க நல்லா இருந்துச்சு மாமா," என்றாள்.

ஆவுடையப்பன் என் பக்கம் சாய்ந்தார். மைக் போட்டிருப்பது மறந்துவிட்டது. "அதுக்கு எப்படி வே தெரிஞ்சுது? நான் அப்படிப் பேசுற ஆளா?"

"பேசுற ஆளு இல்ல," என்றேன். "ஆனா நாலு வருஷமா உம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நீரு எதைப் பாத்தேருன்னு நெனைக்கீரு? சினிமாவையா? அந்த மூஞ்சியில இருந்து எடுத்திருக்கும்."

ஆவுடையப்பன் திரைப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அப்ப எதுக்குட்டி நான் சொன்னதா எங்கிட்டச் சொன்னே?"

"நீங்க இல்லம்பீங்களான்னு பாத்தேன்."

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அது லைன் கோளாறா, அவளா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தப் பெட்டியும் சொல்லியிருக்காது.

"அதை அணை," என்றார் ஆவுடையப்பன்.

"அணைச்சா நீங்க திக்குவீங்கப்பா. பாதி கேக்காது."

"திக்கிட்டுப் போறேன். அணை."

அவள் முன்னால் குனிந்தாள். என்னமோ தட்டினாள். நிமிர்ந்தபோது எங்களை முதல் தடவையாகப் பார்ப்பவள் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அங்கே அவளுக்கு என்ன தெரிந்தது என்று நான் ஊகித்துக்கொள்ளலாம். வேட்டியும் பனியனுமாக, கண்ணாடி இல்லாமல், வாயைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு கிழவர். பக்கத்தில், வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் இன்னொரு கிழவர்.

அவர் உடனே பேசவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. அப்படி இருந்துதான் அவர்களுக்குப் பழக்கம்.

"மாப்பிள்ளை போட்டாவுல மொகரை சரியில்லன்னு நீ சொன்னே," என்றார் கடைசியில். "கல்யாணத்துக்கு முன்ன. ரெண்டு தடவை சொன்னே. நான் கேக்கல."

"ம்."

"அந்தப் பெட்டி சொன்னுதுன்னு சொன்னியே, கடைசியா ஒண்ணு. தப்பாப் போச்சுன்னு."

"ம்."

"அதையும் சேத்துத்தான் நான் ஆமான்னு சொன்னது."

அவள் அழுதாள். விட்டு விட்டு வந்தது. முகம் ஒரு இடத்தில், குரல் வேறு இடத்தில், கையை முகத்துக்குக் கொண்டுபோனது இரண்டுக்கும் பிறகு. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. சரிசெய்ய ஒரே ஒரு தட்டு போதும். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"நீங்க சொல்லாததைச் சொன்னேன்னு சொல்லுதீங்களேப்பா," என்றாள் அழுகைக்கு நடுவே.

"இப்பச் சொல்லிட்டேம்லா," என்றார். "எப்ப வாரே?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். படம் நின்றுவிட்டது.

ஜன்னலைப் பார்த்தேன். இந்தத் தடவை பனியும் நின்றிருந்தது. ஒரு பனித்துகள் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. வடிவு வாயைத் திறந்தபடி, ஒரு கை காதோரம் தூக்கியபடி, எந்த மாதத்தையோ எந்தக் கிழமையையோ சொல்லப் போகிற முகத்தோடு இருந்தாள். உண்மையான கோளாறு. இதற்கு எனக்கு வழி தெரியும். இணைப்பை அணைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். நான் மவுஸை எடுத்தேன்.

ஆவுடையப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொடாதேயும் வே," என்றார். "வருவா."